மல்பெரிக்குள் போட்ட வாழையிலை

தாழப் பறந்தால் ஒரு சார்ஜில் இரண்டு ஏக்கர், உயரப் பறந்தால் நாலு. ஏக்கருக்கு இவ்வளவு என்று வாடகைக்கு ட்ரோன் ஓட்டும் கஜபதி விடுவாரா? பனை உயரத்தில் விட்டுத் ஒரு தக்காளித் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடித்தார். சாரல் பக்கத்துத் தோட்டத்து மாதம்மாளின் மல்பெரியில் படிந்தது. அந்த இலையைத் தின்ற பட்டுப்புழு மொத்தமும் செத்தது.

"ஒரு சொட்டு வரப்பைத் தாண்டுச்சுன்னு நிரூபிடி, பாக்கலாம்!" என்று நியாயம் கேட்டுவந்த மாதம்மாளிடம் ஊர் நடுவே எகிறினார் கஜபதி.

மறுமுறை தக்காளிக்கு மருந்தடிக்கும் நாளில் மாதம்மாள் ஊரையே கூட்டிவந்தாள். மல்பெரிக்குள் வாழையிலை போட்டுச் சோறு பரிமாறி, ட்ரோன் கிளம்பியதும் கஜபதியைக் கூப்பிட்டாள்.

"ஒரு சொட்டும் தாண்டாதில்ல? உக்காந்து சாப்பிடுங்க."

கஜபதி அண்ணாந்து பார்த்தார். "டேய், ட்ரோனை இறக்குடா!" என்று ரிமோட் வைத்திருந்த பையனிடம் அலறினார்.

மாதம்மாள் சோற்றோடு வாழையிலையை அவர் காலடியில் வீசினாள்.

"நீ தொடப் பயப்படற சோத்தைத்தான்யா என் புழு தின்னு செத்துச்சு!"