கல்லைத் தேடிப் போன கூழாம்பட்டி

கூழாம்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அதனாலேயே வெளியூர்க்காரர்கள் அவர்களிடம் எதையும் சொல்லக் கொஞ்சம் யோசிப்பார்கள். தொல்லியல் துறையிலிருந்து வந்த தமயந்திக்கு இது தெரியாது.

ஊருக்கு மேற்கே ஓடைக்கரையில் அவர் குழி தோண்டியபோது, இலை போலச் செதுக்கிய ஒரு கல் தெரிந்தது. வேடிக்கை பார்க்க வந்த சங்கிலியும் குப்பாண்டியும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆதி மனுஷங்களோட கைக்கோடரி," என்றார் தமயந்தி. "இந்த மாதிரிக் கருவி முதல்ல எந்த ஊர்ல கிடைக்குதோ, அந்த ஊர்ப் பேரையே அவங்க பண்பாட்டுக்கு வச்சிருவோம். உலகம் பூராப் படிப்பாங்க. நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் கல்லு அசையக் கூடாது."

அவர் போனதும் குப்பாண்டியின் முகம் வாடிவிட்டது. ஓடைக்கரை பக்கத்து ஊரான செவ்வரளிப்பட்டிக்குச் சொந்தம்.

சாயங்காலம் ஊர் கூடியது.

"கல்லை நம்ம எல்லைக்குள்ள தள்ளி வச்சா என்ன?" என்றார் குப்பாண்டி.

"அசைக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க," என்றார் சங்கிலி.

ஊர்த்தலைவர் வெள்ளியப்பன் வெகுநேரம் மோவாயைத் தடவினார். "கல்லைத்தான அசைக்கக் கூடாது? ஊரை அசைக்கலாமில்ல?"

யாருக்கும் மறுப்பில்லை. விடிந்ததும் பஸ் நிறுத்தத்தில் இருந்த 'கூழாம்பட்டி' பலகையைப் பிடுங்கிச் சுமந்துபோய், குழிக்குப் பக்கத்தில் நட்டார்கள். வெள்ளியப்பனுக்குக் கண் கலங்கியது. "பொறந்த ஊரை விட்டு வந்துட்டோமே... இல்ல, ஊரோடதான வந்திருக்கோம்," என்று தேறிக்கொண்டார்.

தமயந்தி வந்து பார்த்தார். "இந்தப் பலகை நேத்து இங்க இல்லையே?"

"நேத்து ஊரே இங்க இல்லம்மா," என்றார் குப்பாண்டி பணிவாக.

தமயந்தி பலகையையும் ஓடையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஓடையின் பெயரைக் கேட்டார்.

"நரியோடை."

"அப்ப நரியோடைப் பண்பாடுன்னே வச்சுருவோம். ரெண்டு ஊருக்கும் பொது."

"நரி எப்பக் கல்லு செதுக்குச்சு?" என்று சங்கிலி மெதுவாகக் கேட்டார்.

புறப்படும்போது தமயந்தி கண்டிப்பாகச் சொன்னார்: "இனிமே இங்க இருக்கிற எதையும் யாரும் அசைக்கக் கூடாது."

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். ஊர் இனி இங்கேதான்.

மத்தியானம் பசித்தது. சங்கிலி பழைய இடத்துக்கு நடந்துபோய், தன் வீட்டு வாசலில் தயங்கி நின்று கதவைத் தட்டினார். மனைவி பொன்னழகு திறந்தாள்.

"வெளியூருங்க. கொஞ்சம் சோறு கிடைக்குமா?"

"எந்த ஊரு?"

"கூழாம்பட்டி."

பொன்னழகு ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்காரு. காலையிலதான் குடி போனாரு. பார்த்தீங்கன்னா, சோறு ஆறுது, சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"சொல்றேன்," என்ற சங்கிலி, சாப்பிட உட்காரக்கூட இல்லை. சோறு ஆறுவதற்குள் அந்த மனுஷனைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று ஓடைக்கரைக்கு ஓடினார்.