ஃப்ரிட்ஜ் ஊறுகாயும் காவி வேட்டியும்

"இதை யாருவே மொட்டைமாடியில காய வைக்கச் சொன்னது?"

மடத்துச் சாமி கண்ணாடி பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளரியும் முள்ளங்கியும் வெந்ததுபோலக் குழைந்து கிடந்தன. பாட்டில் வாயில் வெள்ளைத் துணி வேறு கட்டியிருந்தது.

வைகுண்டம் அண்ணாச்சிக்குச் சுள்ளென்று வந்தது. "ஊறுகான்னா வெயில் காட்டணும்லா சாமி?"

"நான் என்ன சொன்னேன்?"

"காயை நறுக்கணும். வினிகர், தண்ணி, உப்பு, கொஞ்சம் சீனி சேர்த்துக் கொதிக்க வச்சு ஊத்தணும். ஆறினதும் ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். மறுநாள் திங்கணும்."

"இதுல வெயில் எங்க இருக்கு?"

இல்லைதான்.

அண்ணாச்சி அந்த மலையடிவார மடத்துக்கு ஊறுகாய் போட வரவில்லை. காவி வாங்க வந்தார். கடையை மகனிடம் விட்டாயிற்று. வீடும் வேண்டாம், பெண்டாட்டியும் வேண்டாம், துறவுதான் என்று ஒரே முடிவு.

பெண்டாட்டி ஆவுடையம்மாள் அப்படி ஒன்றும் பெரிதாகக் கேட்டுவிடவில்லை. "எங்கிட்ட ஆசையா ஒரு வார்த்த பேசி எத்தன வருசமாச்சு?" என்றாள்.

"அதான் கல்யாணம் கட்டியாச்சுல்லா. இன்னும் என்னத்தப் பேசணும்?" என்றார் இவர்.

ஒரு தட்டு பறந்து வந்தது. மறுநாள் இவர் பஸ் ஏறிவிட்டார்.

இதையெல்லாம் சாமியிடம் கொட்டினார். சாமி இவரைவிட வயதில் சின்னவர். கேட்டு முடித்துவிட்டு, "பக்தர் ஒருத்தர் ஃப்ரிட்ஜ் குடுத்திருக்காரு. அதுல ஒழுங்கா ஒரு ஊறுகா போட்டுக் கொண்டாரும். அன்னைக்கே காவி," என்றார்.

துறவுக்கும் முள்ளங்கிக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் சாமி வேறு பக்கம் பார்ப்பார்.

அண்ணாச்சி மறுபடி போட்டார். இந்தத் தடவை வெயிலில் வைக்கவில்லை. மேலே நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினார்.

"எண்ணெய் எதுக்குவே?"

"பூசணம் பிடிக்காது சாமி. வருசம் பூரா நிக்கும்."

"நிக்கணும்னு யாரு கேட்டா?"

சாமி பாட்டிலை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார். மாடு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது.

"மாடே சொல்லிட்டு," என்றார் சாமி.

அடுத்தது உப்பு. கூட ரெண்டு கை போட்டால் கெடாது என்று அண்ணாச்சியாக முடிவு பண்ணினார். சாமி ஒரு துண்டை வாயில் போட்டார். ஒரு சொம்புத் தண்ணீரையும் மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து போனார்.

அண்ணாச்சிக்குத் தலை கொதித்தது. சே, இதென்ன பிழைப்பு! வீம்புக்கென்றே, சொன்னதை மட்டும் செய்தார். நறுக்கினார். ஊற்றினார். ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் தயிர்ச்சோற்றோடு கொண்டுபோய் வைத்தார்.

சாமி கடித்தார். நறுக்கென்று சத்தம் கேட்டது. இன்னொன்று எடுத்தார். இன்னொன்று. சோறு தீர்ந்தது.

"நல்லாருக்கு அண்ணாச்சி. எத்தன நாளைக்குத் தாங்கும்?"

"என்ன, நாலஞ்சு நாள். அதுக்கப்புறம் தொளதொளன்னு ஆயிரும்."

"ஆயிட்டா?"

"மறுபடி போடணும்."

"அதுவும் தீந்துட்டா?"

"அதுக்கும் மறுபடி போடணும்!" அண்ணாச்சி கத்தியேவிட்டார். "இத்தன நாளா உசுர வாங்குனீரு, இதுகூடத் தெரியாதா? ஒரு தடவ போட்டுட்டு, அதான் போட்டாச்சுல்லான்னு காலத்துக்கும் உக்காந்திருக்க முடியுமா..."

வாய் அப்படியே நின்றது.

சாமி கை கழுவினார். உள்ளே போய், மடித்த காவி வேட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"சொன்னது சொன்னதுதான். எடுத்துக் கட்டிக்கிடும்."

அண்ணாச்சி வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாமி, ஊருக்குப் போற பஸ் எத்தன மணிக்கு?"

"அது கெடக்கட்டும். முதல்ல இதக் கட்டும்வே."

அண்ணாச்சி கட்டவில்லை.