வெட்டி எறிந்த பாதிப் பெயர்

குன்றின் மேல் காற்றை அளக்கும் நிலையம் ஒன்று இருந்தது. காற்றில் மிதக்கும் தூசி வெயிலை எவ்வளவு சிதறடிக்கிறது என்ற பதிவுகள் ஏழு ஊர்களிலிருந்து அங்கே வந்து சேரும். அதை நடத்தியவர் இசபெல் டீச்சர். வயது நாற்பத்திரண்டு.

அவரிடம் பாடம் கேட்க வந்த அருளப்பனுக்கு வயது அறுபது. முப்பது வருடம் தபால் பிரித்தவர்.

"அண்ணாச்சி, ஏழு பேரும் ஏழு பேரு எழுதுறாங்க. ஒருத்தர் மங்கல்ங்கறார், ஒருத்தர் புகைமூட்டம்ங்கறார். ஒரே அளவுக்கு ஒரே பேரு வேணும். செய்வீங்களா?" என்றார் டீச்சர்.

"இதென்ன பெரிய காரியம் டீச்சர்? முருங்கை மரத்துக்கு எதுத்த வீடு, கிணத்தடிச் சந்துன்னு விலாசம் எழுதுவாங்க. கதவு எண்ணும் பின்கோடும் இருந்தா போதும். மிச்சமெல்லாம் வாயாடித்தனம்."

மூன்றே நாளில் முடித்தார். கடலோர நிலையத்துச் சவரிமுத்து வைத்த பெயர்தான் இருப்பதிலேயே நீளம்: 'குழாய் வழியே இழுத்து, சூடாக்கி உலர்த்திய காற்றில் உள்ள தூசி, பச்சை ஒளியைச் சிதறடிக்கும் அளவு.'

"பேரு வைக்கச் சொன்னா கல்யாணப் பத்திரிகை அடிக்கிறாரு மனுஷன்" என்று சிரித்தார் அருளப்பன். வருடத்துக்கு வருடம் அந்த நீளப் பெயரில் ஏதாவது மாறுகிறதா என்று பார்க்கவில்லை. நிலையத்துப் பதிவிலும் பழைய பெயர்களை அழித்துவிட்டு, ஏழு ஊருக்கும் 'தூசிச் சிதறல்' என்று ஒரே பெயர் போட்டார். பழைய தாள்களை இனி அழித்துவிடலாம் என்று எல்லோருக்கும் கடிதம் எழுதினார்.

டீச்சருக்கு அன்று ஆயிரம் வேலை. பட்டியலைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடம் கடலோரத்திலிருந்து செல்லக்கனி வந்தாள். உப்பளத்தில் வேலை. கூடவே நான்கு பெண்கள். ஐந்து பேரும் படியேறி முடித்துப் பேச்சு வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"உப்பளத்துக்குப் பக்கத்துல புகை கக்குத ஒலைய கட்டி அஞ்சு வருசமாச்சு. அன்னையிலருந்து இந்த இருமலு. மனு குடுத்திருக்கோம், ஆனா நாங்க இருமுறத யாரும் நம்ப மாட்டேங்காவ. ஒங்க தாள நம்புவாவளாம்" என்றாள்.

அருளப்பன் பத்து வருடப் பதிவைக் கோடாக வரைந்தார். உலை வந்த வருடம் கோடு விருட்டென்று ஏறியது.

"போதும் தாயி. இனி அவங்க வாயைத் திறக்க முடியாது." தானே அதை விசாரணைக்கு எடுத்துப் போனார்.

உலைக்காரர்களின் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பத்து வருஷமும் காத்தை உலர்த்தி அளந்தீங்களா, உலர்த்தாம அளந்தீங்களா?"

"எல்லா வருஷத்துக்கும் பேரு ஒண்ணுதானே சார்?"

"அதனாலதான் கேக்கிறேன்."

அருளப்பன் தாளைப் புரட்டினார்; பத்து வருடத்துக்கும் 'தூசிச் சிதறல்' என்றுதான் இருந்தது. மனு தள்ளுபடியானது.

குன்றுக்குத் திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "உலர்த்தினா என்ன, உலர்த்தாட்டி என்ன டீச்சர்? தூசி தூசிதானே?"

டீச்சர் சமையலறைக்குப் போனார். மழைக்காலத்து உப்பு ஜாடியில் கட்டியாக நீர்விட்டுக் கிடந்தது. ஒரு கரண்டி எடுத்து இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பைப் பற்ற வைத்தார். கட்டி உடைந்து பொடியாக உதிர்ந்தது.

"அதே உப்புதான் அண்ணாச்சி. கடலோரக் காத்துல மிதக்கறதும் இதுதான். ஈரம் குடிச்சா ஊதும், ஊதினா வெயிலை அதிகமாச் சிதறடிக்கும். சூடாக்கற கருவி என்னைக்குக் கெட்டுப்போச்சோ, அன்னைக்குக் கோடு தானா ஏறும்."

"கெட்டுப்போச்சா?"

"கெட்டுப்போயிருந்தா சவரிமுத்து எழுதியிருப்பார்."

அருளப்பன் தொலைபேசிக்கு ஓடினார். எடுத்தது சவரிமுத்துவின் மகள்.

"அப்பா தவக்காலத்துலயே தவறிட்டாங்களே."

"அவரோட பழைய தாளெல்லாம் இருக்காம்மா?"

"ஒங்க கடுதாசி வந்த அன்னைக்கே அழிச்சிட்டாங்க. அழிக்க மனசே இல்ல அவங்களுக்கு. பெரிய எடத்துல சொல்லிட்டாங்களேன்னாங்க."

அருளப்பன் திரும்பி வந்து சட்டியின் முன்னால் நின்றார்.

"அப்போ ஏறினது உலைப் புகையா, கடல் ஈரமா?"

"தெரியாது."

"புகையாவும் இருக்கலாமே?"

"இருக்கலாம்."

"செல்லக்கனிகிட்ட நான் என்ன சொல்ல?"

"தெரியாதுங்கறதைத்தான்."

அருளப்பன் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார். "அந்தப் பத்து வருஷத்துக்கும் என்ன பேரு போட டீச்சர்?"

"'தூசிச் சிதறல். காற்றை உலர்த்தி அளந்தார்களா என்பது நம்மால் தெரியாமல் போனது.' அப்படியே போடுங்க."

"நம்மாலயா? என்னாலதானே."

"கையெழுத்து என்னோடது."

அருளப்பன் எழுதினார். எழுதியதைப் பார்த்தார். முப்பது வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை.

"ரொம்ப நீளமா இருக்கே டீச்சர்."

"உப்பளத்துக்குக் கொண்டுபோய் செல்லக்கனிகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. அவ எந்த இடத்துல வெட்டச் சொல்றாளோ, அங்க வெட்டிக்கலாம்."