பஞ்சுப் புகை

தீயணைப்பு நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிலவேந்திரன், புகை செய்யக் கற்றுக்கொள்ளப் போனார்.

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் வீட்டம்மாவும் சிரித்தாள்.

திண்டுக்கல்லில் ஒரு மெத்தைக் கடை. அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரிய மேசை போட்டு, நீலத் துணி விரித்து, விமானச் சண்டை ஆடுவார்கள். உள்ளங்கை அளவுதான் விமானம். அடிபட்டதின் வாலில் பஞ்சில் செய்த புகையை மாட்டுவார்கள். மாட்டினால் அது எரிகிறது என்று பொருள். சுற்றுக்கு ஒரு தரம் பகடை உருட்ட வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் தீ அணைந்தது, புகையைக் கழற்றிவிடலாம். ஒன்று விழுந்தால் விமானம் போச்சு. வேறு எது விழுந்தாலும் எரிந்துகொண்டே பறக்கும்.

அந்தப் புகையைச் செய்கிறவள் ஜைத்தூன். கீழே கடையில் தலையணை தைக்கிற பெண். முப்பது வயதுகூட ஆகவில்லை. பல் முளைக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே செய்வாள். பஞ்சைப் பிள்ளை வாயிலிருந்து பிடுங்குவதும் அதே கைதான்.

பிலவேந்திரன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

"அய்யய்யோ, அப்படியெல்லாம் கூப்பிடாதீங்கண்ணே. யாராவது கேட்டா சிரிப்பாங்க."

"கத்துக் குடுத்தா டீச்சர்தானே?"

அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள்.

மணிச் சத்தம் கேட்காத வீட்டில் எட்டு மாசம் உட்கார்ந்திருந்தவர் அவர். எங்கே தீ என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. அடுத்த ஞாயிறு கரூர்க்காரர்களோடு ஆட்டம். அன்றைக்குத் தன் புகை மேசையில் ஏறாவிட்டால், இனி அந்த மாடிப் படியை மிதிப்பதில்லை என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பழைய தலையணைப் பஞ்சைப் பிய்த்தார். மெல்லிசான செம்புக் கம்பியில் சுற்றினார். தண்ணீர் விட்ட பசையில் தொட்டுக் காயவைத்தார். அடியில் ஆரஞ்சு வண்ணம், மேலே கரிப்பொடி. மறுநாள் காலையில் கொண்டுபோய் வைத்தார்.

ஜைத்தூன் பார்த்தாள்.

"இது வேணாம்ணே."

இரண்டாவதாக இன்னும் கறுப்பாக, இன்னும் உயரமாகச் செய்தார்.

"இதுவும் வேணாம்ணே."

மூன்றாவதை அவள் ஓரமாகத் தள்ளி வைத்தாள். பிலவேந்திரனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏம்மா, புகையைப் பத்தி எனக்கா? கொட்டாய் எரிஞ்சா எப்படிப் போகும், டயர் எரிஞ்சா எப்படிப் போகும், கண்ணைக் கட்டிவிட்டாக்கூடச் சொல்லுவேன். இதுல என்ன குறை?"

அவள் எழுந்து போய் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வந்தாள். வாசலில் நின்ற அவர் மொபெட்டின் கைப்பிடியில் நூல் போட்டுக் கட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வாங்கண்ணே."

"எதுக்கு?"

"சும்மா போயிட்டு வாங்களேன்."

போனார். டீக்கடையில் ஒருத்தன், "என்னண்ணே, வண்டிக்குப் பேய் ஓட்டுறீங்களா?" என்று கத்தினான். காதில் வாங்காத மாதிரி போய்த் திரும்பி வந்தார்.

"புகையே காணோம் டீச்சர். அணைஞ்சு போச்சோன்னு வண்டிய நிறுத்தினா, நேரா மேல போகுது. கிளம்பினா மறுபடி காணோம். பின்னாடி வந்த ஆட்டோக்காரன்தான் வையுறான், பெரிசு, உன் பத்திய என் மூக்குல ஏன்யா விடுறேன்னு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தான் செய்த மூன்றையும் பார்த்தார். மூன்றும் பனைமரம் மாதிரி நெட்டுக்குத்தாக நின்றன.

"நான் வீட்டைக் கொளுத்தியிருக்கேன்," என்றார்.

"ஆமாண்ணே. இது பறந்துக்கிட்டே எரியுது."

அந்த வாரத்தில் மிச்சமிருந்த நாள் முழுக்க ஒரே ஒரு புகைதான் செய்தார். வாலோரத்தில் ஒட்டிக் கிளம்பி, பின்னால் சாய்ந்து ஓடி, போகப் போக வெளுத்து, நுனியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் முடிந்தது.

ஜைத்தூன் அதைக் கையில் வாங்கினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் புகைகள் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பிலவேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. உள்ளூர் அணிக்குக் காசிநாதன் ஆடினார். லேத்துப் பட்டறைக்காரர், நிதானமான கை. ஆட்டத்தின் நடுவில் அவருடைய கடைசி விமானத்தில் அடி விழுந்தது. பிலவேந்திரனின் புகையை எடுத்து மாட்டினார்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

"யாருய்யா இதைச் செஞ்சது? உள்ள ஆள் இருக்கானான்னு பார்க்கத் தோணுது!" என்றார் எதிரே ஆடிய கரூர்க்காரர்.

"இவர்தான்," என்று நாலு விரல் பிலவேந்திரனைக் காட்டின.

சுற்று முடிந்தது. காசிநாதன் பகடை உருட்டினார். ஆறு. தீ அணைந்தது. புகையைக் கழற்றக் கையை நீட்டினார்.

பிலவேந்திரன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருய்யா, இருய்யா. ஒரே ஒரு போட்டோ. வீட்டுல காட்டணும்."

ஒன்று எடுத்தார். வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னல் பக்கம் போய் இன்னொன்று எடுத்தார். கரூர்க்காரரும் எடுத்தார். அதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்துவிட்டது. புகை வாலிலேயே இருந்தது.

சுற்று முடிவில் கரூர்க்காரர் சொன்னார், "எரியுதே, உருட்டுங்க."

காசிநாதன் பழக்கத்தில் உருட்டிவிட்டார்.

ஒன்று.

"விமானம் போச்சு!"

"எப்படிய்யா போகும்? அது முந்தின சுத்துலயே அணைஞ்சிருச்சே!"

"அணைஞ்சா புகை எதுக்கு வாலுல தொங்குது? அப்ப நீ ஏன் உருட்டினே?"

சத்தம் கீழே கடை வரைக்கும் கேட்டது. மேசையில் எது இருக்கிறதோ அதுதான் கணக்கு. அந்த மாடியில் முதல் நாளிலிருந்து அதுதான் வழக்கம். காசிநாதன் புகையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, விமானத்தை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். உள்ளூர் அணி தோற்றது. போகும்போது அவர் பிலவேந்திரனைப் பார்க்கவில்லை.

எல்லாரும் இறங்கிப் போன பிறகு ஜைத்தூன் மேலே வந்தாள், பிள்ளை இடுப்பில். மற்ற புகைகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் அடுக்கினாள். பிலவேந்திரனின் புகை மட்டும் மேசை நடுவில் கிடந்தது. அதை அவள் தொடவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"முதல்ல செஞ்சது நல்லா இல்லேன்னீங்க, சரி. இது நல்லா இருந்துச்சு. அதான் வினை. இனி நான் எப்படித்தான் செய்யணும்?"

அவள் பிள்ளையை அந்த இடுப்பிலிருந்து இந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள்.

"ஏண்ணே, தீ அணைஞ்ச பிறகு நீங்க எந்த வீட்டு வாசல்லயாவது தீயணைப்பு வண்டியை நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

பிலவேந்திரன் மேசைப் பக்கம் திரும்பினார். கையை நீட்டி, கம்பியின் நுனியைப் பிடித்துப் புகையை எடுத்து டப்பாவில் வைத்தார்.