கடைசிப் படகு

மலையடிவாரத்தில் பூதியம்மை என்ற துறவியின் மடம் இருந்தது. அங்கே சீடராகச் சேர்ந்த ஆதன், அம்மையைவிட வயதில் மூத்தவர். ஊரில் வைத்தியராக இருந்தவர். எதற்காவது காரணம் தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

போர் முடிந்த கோடையில் சேந்தன் என்ற படைவீரன் மடத்துக்கு வந்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கிணற்றைத் தூர் வாரினான். கூரை மாற்றினான். சொல்லாத வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தான். ஆனால் பந்தியில் மட்டும் உட்கார மாட்டான். சோற்றை வாங்கிக்கொண்டு மாட்டுக்கொட்டிலுக்குப் போய்விடுவான்.

ஆதன் அவனுக்கு நாடி பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. அம்மையிடம் வந்தார்.

"அம்மா, இது என்ன நோய்? பயம் என்று நினைத்தேன். கொட்டிலில் பாம்பு வந்தபோது அவன்தான் பிடித்து வெளியே விட்டான். துக்கம் என்றால், அவன் வீட்டில் யாரும் சாகவில்லை. பிறகு என்ன?"

"அவனிடமே கேட்டீர்களா?"

"நாடி பார்த்தேன்."

"கேட்டீர்களா என்றேன்."

ஆதன் போய்க் கேட்டார். சேந்தன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

படை பின்வாங்கியபோது ஆற்றில் வெள்ளம். கடைசிப் படகில் காயம்பட்டவர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். கரையில் நின்ற ஊர்க்காரர்கள் தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். படகு சாய்ந்தது. கைகளை அடித்துத் தள்ளு என்று தளபதி கத்தினார். துடுப்பு சேந்தனிடம் இருந்தது. அடித்தான். படகு கரைசேர்ந்தது. ஊர் திரும்பியதும் அவனுக்கு மாலை போட்டார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் ஆதன். அவருக்குப் பெரிய நிம்மதி. "தம்பி, அது உன் தப்பே இல்லை. சொன்னதைச் செய்தாய். படகில் இருந்தவர்கள் உன்னால்தான் பிழைத்தார்கள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே."

மறுநாள் காலை சேந்தன் மூட்டை கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

ஆதன் அம்மையிடம் ஓடினார். "ஆறுதல்தானே சொன்னேன்! அதைக் கேட்டா கிளம்புகிறான்?"

அம்மை எழுந்து வாசலுக்குப் போனார்.

"எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள், அம்மா," என்றான் சேந்தன். "தளபதி சொன்னார். என் தாய் சொன்னாள். இங்கே வைத்தியரும் சொல்லிவிட்டார். நீங்களாவது சொல்லுங்கள். நான் செய்தது சரியா, தப்பா?"

"எனக்குத் தெரியாது. நான் அந்தப் படகில் இல்லை."

சேந்தன் நிமிர்ந்து பார்த்தான். தோளிலிருந்த மூட்டையை இறக்கினான்.

"அந்தக் கைகளில் ஏதாவது ஒன்று நினைவிருக்கிறதா?" என்று அம்மை கேட்டார்.

சேந்தன் தலையசைத்தான்.

"ஒரு பெண். கையில் மருதாணி போட்டிருந்தாள். என்னைப் பார்த்து அண்ணா என்று கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான் அடித்தேன்."

அம்மை முகத்தைத் திருப்பவில்லை. உன் தப்பில்லை என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்தார். அவனும் உட்கார்ந்தான். வெயில் ஏறும்வரை சேந்தன் பேசிக்கொண்டிருந்தான்.

"அவளுடைய ஆட்கள் அந்தக் கரையில் இருப்பார்களா?" என்று அம்மை கேட்டார்.

"இருப்பார்கள்."

"அவள் எப்படிச் செத்துப்போனாள் என்று அவர்களுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும்," என்றார் அம்மை.

"அங்கே போனால் வெட்டிப் போட்டுவிடுவார்கள்!" என்று ஆதன் குறுக்கே வந்தார்.

சேந்தன் மூட்டையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தான்.

மழைக்காலம் முடிந்துதான் திரும்பி வந்தான். இளைத்திருந்தான். நெற்றியில் பெரிய வடு. ஆதன் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"யார் அடித்தது?"

"அவள் அண்ணன். கல்லை எடுத்து எறிந்துவிட்டான். அவள் அப்பாதான் தடுத்தார். என்னை உட்காரவைத்து, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். தினமும் கேட்டார். தினமும் சொன்னேன். வெள்ளத்தில் அவர்கள் வீட்டுச் சுவர் இடிந்து கிடந்தது. அதைக் கட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்."

"மன்னித்தாரா?"

"இல்லை. கிளம்பும்போது அவள் பெயரைச் சொன்னார். நங்கை."

அன்று மதியம் சேந்தன் பந்திக்கு வந்தான். கடைசி இலையில் உட்கார்ந்தான். பாதிச் சாப்பாட்டில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். கொஞ்சம் கழித்து மறுபடி சாப்பிட ஆரம்பித்தான்.

ஆதன் தொலைவில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னும் வலிக்கிறதே அவனுக்கு."

"ஆமாம்."

"அந்த வலியை அடியோடு எடுத்துவிடுகிற மூலிகை எங்கேயாவது இருக்கும். நான் தேடிப் பார்க்கப்போகிறேன்."

அம்மை அவரை ஒருமுறை பார்த்தார்.

"கிடைத்தால் வெளியே சொல்லிவிடாதீர்கள், வைத்தியரே. அடுத்த போருக்குக் கிளம்பும்போதே அரசர் அதைப் படைக்கெல்லாம் கொடுத்துவிடுவார்."