இரண்டு முழ மணல்

இராமேசுவரத்துக்குக் கிழக்கே கடலுக்குள் ஒரு மணல்திட்டு. ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிட வந்து இறங்கிவிட்டால் அங்கே மணல் தெரியாது. முதுகு கரி நிறம், வயிறு பால் நிறம். கூடு கட்டும் வழக்கமில்லை. வெறும் மணலில் ஒற்றை முட்டை.

அந்தத் திட்டில் குடில் போட்டிருந்த சிவகாமவல்லி அம்மைக்கு ஒரே சீடர். பெயர் தொண்டியப்பன். நாற்பது வருடம் தோணியில் சுக்கான் பிடித்தவர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டைவிட்டு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

ஊரில் அந்த வீட்டைக் கடல் அரித்துக்கொண்டிருந்தது. மகள் வீட்டுக்குப் போய்விடு என்று மனைவிக்கு நான்கு கடிதம் எழுதிவிட்டார். அவள் நகரவில்லை. அவர் வந்தால் இங்கேதானே வருவார் என்று திட்டுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் படகுக்காரர் செய்யதுவிடம் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லியனுப்பினாள். போன வாரம் செய்யது தன் பங்குக்கும் ஒன்று சேர்த்தார்.

"அண்ணே, உங்க கடுதாசி நல்லா எரியுதாம். அடுப்புப் பத்தவைக்க மதினி இன்னும் ரெண்டு கேட்டாங்க."

தொண்டியப்பன் குருவிடம் போனார். "அவளுக்கு எப்படிப் புரியவைப்பது, அம்மா?"

அம்மை வானத்தைக் காட்டினார். இங்கே பொரித்த குஞ்சு பறந்து போனால் மூன்று நான்கு வருடம் தரையை மிதிக்காது என்றார். சிறகு நனைந்துவிடும் என்பதால் தண்ணீரிலும் தங்காது. உணவும் உறக்கமும் காற்றிலேயே. பிறகு ஒருநாள், பிறந்த மணலுக்கே திரும்பி வரும்.

திசைகாட்டி உடைந்து மூன்று நாள் கடலில் அலைந்தவர் தொண்டியப்பன். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தே நின்றார்.

மறுநாள் காலை அலை ஏறியது. ஓர் ஆலா மிரண்டு பறக்க, அதன் முட்டைக்கு ஒரு சாண் தள்ளி நுரை வந்து திரும்பியது. தொண்டியப்பன் ஓடிப்போய் முட்டையை எடுத்து, இரண்டு முழம் தள்ளி மேட்டில் வைத்தார்.

ஆலா வந்தது. ஆயிரம் பறவைகளின் இரைச்சலுக்கு நடுவே நேராகத் தன் இடத்தில் இறங்கியது. வயிற்று இறகை விரித்து, வெறும் மணலின்மேல் அமர்ந்தது. பக்கத்தில் கிடந்த முட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வெயில் சுட்டது.

"முட்டை வெந்துவிடுமே, அம்மா. கண்ணெதிரே கிடக்கிறது. இதற்கு எப்படிப் புரியவைப்பது?"

"இதற்கா?" என்றார் அம்மை.

தொண்டியப்பன் முட்டையைப் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தார். பறவை அவர் கையைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. பிறகு முட்டையைப் பொத்திக்கொண்டு அடங்கியது.

"அலை மறுபடி வந்தால்?"

"வரும்."

பிற்பகல் படகு வந்தது. இந்தத் தடவை கடுதாசி இல்லையா என்று செய்யது கேட்டார். தொண்டியப்பன் துணிமூட்டையைப் படகில் போட்டார். ஒரு காலை உள்ளே வைத்தவர், அப்படியே நின்றார்.

"ஆறு வருடம் ஆயிற்று, அம்மா. எனக்கு அங்கே இன்னும் இடம் இருக்குமா?"

"காலையில் அது வெறும் மணலை அடைகாத்ததே," என்றார் அம்மை, "நீர் பார்க்கவில்லையா?"