மாதா ஏறிய துடுப்புப் படகு

ஸ்பெயின் நாட்டுக் கடலோரத்தில் ஒரு மீன்பிடி ஊராம். கார்மேல் மாதா திருவிழாவன்று மாதா சுரூபத்தைப் படகிலே ஏற்றிக் கடலில் பவனி போவார்கள். அந்த வருசம் சீட்டுக் குலுக்கினதில், வலை பின்னிப் பிழைக்கிற ஹசிந்தாவின் துடுப்புப் படகுக்கு அந்தப் பாக்கியம் விழுந்தது.

விசைப்படகு முதலாளி எவாரிஸ்தோவுக்குப் பொறுக்கவில்லை.

"இந்த ஓட்டைத் தொட்டியிலா மாதா போவா? பவனியில கலங்கரை விளக்கம் வரைக்கும் என் படகுக்கு முன்னால போய்க் காட்டு. தோத்தா, இனிமே குலுக்கல்ல உன் பேரே கிடையாது" என்றார், ஊரே கேட்க.

"ஆகட்டும் முதலாளி" என்றாள் ஹசிந்தா.

மாதாவை ஏற்றி, கைக்குழந்தையைக் காலடியில் கிடத்திக்கொண்டு துடுப்பு வலித்தாள். விசைப்படகு உறுமிக்கொண்டு பின்னாலேயே வந்தது. கிட்டே நெருங்கினதும் முதலாளியின் ஆட்களே இன்ஜினை அணைத்துவிட்டார்கள்.

"ஏன்டா நிறுத்தினீங்க?"

"மாதாவை முந்தின படகுக்கு வருசம் பூரா மீன் படாது முதலாளி. ஆத்திரத்துல மறந்துட்டீங்களா?"

முதலாளி மாதாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார். விசைப்படகு பின்னாலேயே மெல்ல ஊர்ந்து வர, பாதி வழியில் ஹசிந்தா துடுப்பை வைத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் போம்மா, வெயில் மண்டையைப் பிளக்குது."

"பிள்ளை குடிச்சு முடிக்கட்டும் முதலாளி. அவசரம்னா நீங்க முன்னால போங்களேன்."